எல்லாக் காதலுக்கும் ஒரே மார்க் சீட்டா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டம் நடத்தும் காதல் நாவல் போட்டிக்கு நானும் ஒரு நடுவர். குடும்பக் கதை, ராஜா காலத்துக் கதை, பேய்க் கதை, கொலைக் கதை, கெட்டவனே கதாநாயகனாக வரும் ஆன்டி ஹீரோ கதை என்று எல்லாமே காதல் நாவல் என்ற பெயரில் வந்து குவிந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஏற்காட்டில் நடக்கிறது. உடனிருக்கும் நடுவர்களில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், "எல்லாம் சமையல்கட்டு இலக்கியம். பத்துப் பக்கம் படித்தால் முடிவு தெரிந்துவிடும்" என்கிறார். இன்னொருவர் நடைக்கு 25, கதைக்கு 25, பாத்திரத்துக்கு 25, சமூகக் கருத்துக்கு 25 என்று மார்க் சீட்டே அச்சடித்துவிட்டார். நான் யார் பக்கம் நிற்பது? இன்னொன்று: ஓர் ஆன்டி ஹீரோ நாவலைக் கீழே வைக்க முடியவில்லை. அதற்கு மார்க் போடவோ கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: இருவர் பக்கமும் நிற்க வேண்டாம். தமிழாசிரியர் படிக்காமலே தீர்ப்புச் சொல்கிறார். மார்க் சீட்டுக்காரர் படித்த பிறகும் தீர்ப்புச் சொல்லாமல் தப்பிக்கப் பார்க்கிறார்.

முடிவு தெரிந்துவிடுகிறதாம். தெரியத்தான் செய்யும். அமெரிக்காவில் ரொமான்ஸ் எழுத்தாளர்களுக்கென்று 1980-ல் தொடங்கிய சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனைதான் வைத்தது: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இருவரும் சேர்வார்கள் என்பதை அட்டையைப் பார்த்தே தெரிந்துகொண்டுதான் வாசகி புத்தகத்தை எடுக்கிறாள். திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்தவர்களில், முருகன் வள்ளியைக் கட்டுவானா மாட்டானா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் யார்? தினைப்புனத்தில் அந்தப் பெண் அவனை என்ன கேட்டு மடக்கப் போகிறாள், அவன் என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறான் என்று கேட்கத்தானே ஜமுக்காளத்தோடு போய் இடம் பிடித்தார்கள்!

ஆகவே சேர்வார்களா என்று பார்க்காதீர்கள். சேரவிடாமல் தடுப்பது எது, அந்தத் தடையை நீக்கியது யார் என்று பாருங்கள். கதாநாயகன் ஒரு பெண்ணோடு சிரித்துப் பேசுகிறான்; கதாநாயகி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்; அது அவனுடைய அக்கா மகள் என்று இருநூறு பக்கம் கழித்துத் தெரிகிறது. ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் சங்கதி. இது தடையே இல்லை. இன்னொரு நாவலில் தடை என்னவோ பலமானதுதான், ஆனால் குறுக்கே நின்ற அத்தைக்குக் கடைசி அத்தியாயத்தில் மாரடைப்பு வந்துவிடுகிறது. தடையை நீக்கியவர் எழுத்தாளர். காதலர்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இரண்டுக்கும் மார்க்கை ஈவிரக்கமில்லாமல் குறையுங்கள்.

வகைக்கு வகை தடை வேறு. அதனால்தான் ஒரே மார்க் சீட்டு உதவாது. நம் குடும்பக் காதல் கதையில் மூன்றாம் அத்தியாயத்திலேயே தாலி ஏறிவிடும். காதல் அதற்குப் பிறகுதான். செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் வீட்டுக்கு ஒருத்தி மருமகளாக வருகிறாள் என்று வையுங்கள். அவளுக்கும் கணவனுக்கும் நடுவில் வில்லன் யாரும் வர வேண்டாம். ஆர்டர் முடிக்கிற அவசரம், கூடத்தில் படுத்திருக்கும் பாட்டி, பெருக்கிய தூசியிலும் வெள்ளியைத் தேடுகிற மாமனார் – இவ்வளவு போதும். இப்படிப்பட்ட கதையில் வேகம் இல்லை என்று குறை சொல்வது அறியாமை. கொலைக் கதைக் காதலில் தடை சந்தேகம்: இவனே கொலைகாரனாக இருந்துவிட்டால்? அந்தச் சந்தேகத்தை அவளே தீர்த்துக்கொண்டாளா, இன்ஸ்பெக்டர் வந்து கடைசியில் ஒரு பக்கம் விளக்கிச் சொன்னாரா என்று பாருங்கள். பேய்க் கதைக்கும் அதே கணக்குத்தான்.

ராஜா காலத்துக் கதைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கறார் தேவை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இளவரசி காப்பிப் பூ மணத்தில் மயங்கினாள் என்று யாராவது எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவை எடுங்கள். இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். ஆனால் இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அந்த இளவரசி இன்றைய ஐ.டி. கம்பெனிப் பெண்ணைப்போல அப்பாவிடம் "என் வாழ்க்கை, என் முடிவு" என்று ஒரு வசனம் பேசிவிட்டுக் குதிரையேறிப் போய்விடுவாள். அந்தக் காலத்துத் தடை அப்படி ஒரு வசனத்துக்கு வழிவிடுமா? வழிவிட்டால் அது வேடப் போட்டி.

உங்கள் தமிழாசிரியருக்கு இதெல்லாம் புதிதாக இருக்க நியாயமில்லை. காதலை ஐந்து திணையாகப் பிரித்து வைத்துப் படித்தவர்கள் நாம்தானே? குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். நெய்தல் பாட்டில் ஊடல் இல்லையே என்று எந்த உரையாசிரியரும் மார்க் குறைத்ததில்லை. வகுப்பில் அவர் நடத்திய பாடத்தையே நீங்கள் அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாவம்.

மார்க் சீட்டுக்காரருக்கு ஒரு செய்தி. மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம் ரீட்டா என்ற விருதை வகை வாரியாகப் பிரித்து, மார்க் போட்டுத்தான் கொடுத்து வந்தது. அப்படியும் 2019 வரை ஒரு கறுப்பின எழுத்தாளருக்கும் அந்த விருது போகவில்லை. அந்த ஆண்டுதான் முதல்முறை. அடுத்த ஆண்டு, வேறு சர்ச்சைகளும் சேர்ந்துகொள்ள, போட்டியையே நிறுத்த வேண்டி வந்தது. கோளாறு தாளில் இல்லை, மார்க் போட்ட கையில் இருந்தது. நூற்றுக்குக் கூட்டிப் போட்டுவிட்டால் நம் பிடித்தம் பிடிக்காமை ஒழிந்துவிடும் என்று நம்பாதீர்கள். அப்புறம், சமூகக் கருத்துக்கு 25 எதற்கு? ஏற்காடு பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம் வரதட்சணையைப் பற்றி மூன்று பக்கம் பிரசங்கம் செய்கிற கதாநாயகிகளை உற்பத்தி செய்யத்தான் அது பயன்படும்.

ஏற்காடு என்றதும் சொல்லியே ஆக வேண்டும். பங்களா, பனிமூட்டம், ஜீப்பில் வரும் எஸ்டேட் முதலாளி. கதாநாயகன் வசதியில் ஒரு படி மேலே இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒத்த தலைவனும் தலைவியும்தான் சந்திக்க வேண்டும் என்ற தொல்காப்பியரே, "மிக்கோன் ஆயினும் கடிவரை இன்றே" என்று எஸ்டேட்காரர்களுக்கு அன்றே அனுமதிச் சீட்டுக் கொடுத்துவிட்டார். என் புகார் மலையைப் பற்றியது. ஏற்காடு என்று வரும் இடமெல்லாம் கொடைக்கானல் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். கதையில் ஒன்றும் உடையவில்லை என்றால் அந்த மலை வெறும் படுதா. மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு நடுவே பழம் பறிப்பும் நடக்கிறது, செடி முழுக்கப் பூவும் பூத்திருக்கிறது என்று எழுதுகிறார்கள். காப்பி பூப்பது மார்ச், ஏப்ரலில் மழை விழுந்த கையோடு. சில நாளில் உதிர்ந்துவிடும். பழம் பறிப்பது நவம்பர் தொடங்கிப் பனிக்காலத்தில். பறிப்புக் காலத்தில் எந்த எஸ்டேட்காரருக்கும் காதலிக்க நேரம் இருக்காது. அதுவே ஒரு நல்ல தடை. ஒருவரும் எழுதக் காணோம். மலையிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் அல்ல) "சின்னய்யா வந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவதற்கு மட்டும் வருகிறார்கள். அந்த வீடுகளில் காதல் நடக்காதா?

அவன் மலைமேல், அவள் சேலத்தில். பிரிவுத் துயரில் நாற்பது பக்கம் என்று ஒரு நாவல் வந்தால் அதைச் சேலத்துக்காரரான நீங்கள்தான் பிடிக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு, முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரத்துப் பஸ். இதற்குப் பாலைத்திணை பாடினால் சென்னை நடுவர் கண் கலங்கலாம், நீங்கள் கலங்கக் கூடாது.

இனி உங்கள் கூச்சத்துக்கு வருவோம். கீழே வைக்க முடியவில்லை என்றால் எழுதியவருக்குக் கை இருக்கிறது. அதை மறைத்து மார்க் போடுவது நேர்மையில்லை. கதாநாயகன் கெட்டவன் என்பதற்காகவும் குறைக்காதீர்கள்; கெட்டவன் திருந்துகிற கதைக்கு எல்லா ஊரிலும் வாசகர் உண்டு. அவன் கெட்டவன் என்பது அந்த நாவலுக்குத் தெரியுமா? அதைப் பாருங்கள். கட்டாயத் தாலி கட்டுகிறான், அறைகிறான், அறையில் பூட்டுகிறான். சின்ன வயதில் அம்மா விட்டுப் போன கதையை ஒரு ஃபிளாஷ்பேக்கில் சொன்னதும் அவள் மன்னித்துவிடுகிறாள். இந்த மாதிரியில் தடை அவனேதான். ஆனால் தடையை நீக்கும் வேலை முழுக்க அவள் தலையில். "மிக்க காமத்து மிடல்" என்று வலுக்கட்டாயத்தைத் தொல்காப்பியர் கணக்கில் சேர்த்தார், ஆனால் அன்பின் ஐந்திணைக்குள் விடவில்லை, பொருந்தாக் காமத்துக்கான பெருந்திணையில் தள்ளினார். உலகத்தில் நடப்பதுதான், எழுதலாம். காதல் என்று பெயர் வைக்க மட்டும் அவர் ஒப்பவில்லை.

எனவே அந்த நாவலை இன்னொரு முறை எடுத்து, அவள் வீட்டை விட்டுப் போகக்கூடிய ஓர் இடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கையில் காசு, போக ஒரு வீடு, திறந்த கதவு. அவை இருந்தும், அவன் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு அவள் தங்கினாள் என்றால், கூச்சப்படாமல் முதல் பரிசுக்கே சிபாரிசு செய்யுங்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால் நடையைப் பாராட்டி எழுதியவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். பரிசை வேறு நாவலுக்குக் கொடுங்கள்.