கண்ணில் பறக்கும் கொசு தானாகப் போய்விடுமா?

கண்ணுக்குள் கொசுவும் நூலாம்படையும் மிதப்பதுபோல் தெரிவது மருத்துவம் இல்லாமலேயே நாளடைவில் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வந்தது நான்கு ஆண்டுகளாகியும் கண்ணுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆயினும் ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணக்கெழுதும் வேலை. அப்போது வயது 53, கண்ணாடி மைனஸ் 6. ஒரு மாசிக் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, முகத்தெதிரே கொசு பறப்பதாக எண்ணி இரண்டு முறை கையால் விரட்டினேன். பார்வையைத் திருப்பிய பக்கமெல்லாம் அதுவும் சற்றுப் பின்தங்கி வந்து நின்றது: அறுந்த வளையம் ஒன்று, அதிலிருந்து தொங்கும் ஒரு நூல். பேரேட்டில் அந்த வளையம் எண்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார, ஒரு சைபர் கூடுதலாக இருப்பதாக மயங்கி மறுபடி கூட்டிப் பார்த்த நாள்களும் உண்டு.

கண்ணின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்னும் கூழில் ஏறத்தாழ 98 விழுக்காடு நீர்தான். வயதாக ஆகக் கூழ் நீர்த்து, அதிலுள்ள மெல்லிய கொலாஜன் இழைகள் திரண்டு விழித்திரையின் மேல் நிழல் வீழ்த்துகின்றன. பலருக்கு 50 வயதுக்கு மேலும், என்னைப் போன்ற கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அதற்கு முன்பேயும், அந்தக் கூழ் விழித்திரையை விட்டு விலகுவதுண்டு. பார்வை நரம்பின் விளிம்பில் ஒட்டியிருந்த பகுதியே எனக்கு வளையமாகத் தெரிந்தது. நாள் செல்லச் செல்ல அது பார்வைக் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது, விழித்திரையிலிருந்து தள்ளிப் போவதால் நிழலும் மங்குகிறது, மூளையும் அதைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகுகிறது.

ஆனால் பொறுத்திருக்கலாம் என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கூழ் விலகும்போது விழித்திரையையும் இழுத்துக் கிழித்துவிடக்கூடும். கிழிசலைத் தொடக்கத்திலேயே கண்டால் லேசரால் அடைத்துவிடலாம், விழித்திரை பிரிந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான். மிளகுத்தூள் தூவியதுபோல் திடீரெனப் புள்ளிகள் பெருகினாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, திரை இறங்கினாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே போய்விட வேண்டும். நம் பக்கத்தவர்களுக்குத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும் என்பதால் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுத் துணைக்கு ஆளோடு செல்லுங்கள். எனக்குக் கிழிசல் இல்லை என்றார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தும் அதையே சொன்னார்கள்.

இடையில் ஒரு மருந்துக்கடைக்காரர் பேச்சை நம்பி இரண்டு மாதம் சொட்டு மருந்து விட்டதுதான் வீண். இழையைக் கரைக்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது. பார்வையை உண்மையிலேயே மறைக்குமளவு இருந்தால் அந்தக் கூழையே அகற்றும் விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சை உண்டு. கண்புரை விரைவில் வருவது அதன் விலை. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. வளையம் இப்போது பேரேட்டின் கடைசி வரிக்கும் கீழே எங்கோ கிடக்கிறது. கடற்கரையில் நின்று வெளுத்த வானத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டித் தேடினால் அகப்படும்.