4 செ.மீ. கட்டிக்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 42. இரண்டு பிள்ளைகள். ஒரு வருடமாக மாதவிலக்கு எட்டு நாள் நீடிக்கிறது. ரத்தம் கட்டி கட்டியாகப் படுகிறது. ஹீமோகுளோபின் 7.6. ஸ்கேனில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு என்று வந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு 7 செ.மீ. கட்டி, ஒரு தொந்தரவும் இல்லை. எனக்கு இருப்பது புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: அந்த அக்காவின் கட்டி அநேகமாகக் கர்ப்பப்பையின் வெளிச்சுவரில் இருக்கும். அப்படிப்பட்டது பெரிதானால் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி பாத்ரூம் போகவைக்கும், மலச்சிக்கல் தரும். ரத்தப்போக்கைப் பெரும்பாலும் கூட்டாது. உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டியோ 2 செ.மீ. இருந்தாலே ஆளைப் படுக்கவைத்துவிடும். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சப்மியூகஸ்' என்று இருந்தால் உட்புறம், 'இன்ட்ராம்யூரல்' என்றால் தசைக்குள், 'சப்சீரோஸல்' என்றால் வெளிப்புறம். சென்டிமீட்டரைவிட இந்தச் சொல்லைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஃபைப்ராய்டு தசையிலிருந்து வளரும் சாதாரணக் கட்டி. மாதவிலக்கு அடியோடு நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். புற்றுநோயாக இருப்பது மிக அரிது. ஆனாலும் 40 வயதைத் தாண்டி இவ்வளவு ரத்தப்போக்கு இருப்பதால், கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

எனக்கு இப்போது கவலை கட்டியைப் பற்றியல்ல, அந்த 7.6-ஐப் பற்றித்தான். 8-க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். சில பெண்கள் அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்வார்கள். வீட்டில் கேலி செய்வார்கள். அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டா, யோசித்துப் பாருங்கள். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நல்லவைதான், ஆனால் அவற்றை மட்டும் நம்பி 7.6-ஐ ஏற்ற முடியாது. இரும்பு மாத்திரையைக் காப்பி, டீயோடு போடாதீர்கள்; எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ரத்தக்குழாய் வழியாகவும் இரும்புச்சத்து ஏற்றலாம்.

ரத்தப்போக்கைக் குறைக்க, மாதவிலக்கு நாட்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை உண்டு. முன்பு ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்தவர்களுக்கு அது ஆகாது. கட்டி உள்ளறையில் இருந்தால், வயிற்றைக் கிழிக்காமல் பிறப்புறுப்பு வழியாகவே கருவி விட்டு எடுக்க வாய்ப்புண்டு. இவை எதுவும் பலிக்காமல் கர்ப்பப்பையை எடுத்தால் அது தவறான முடிவல்ல. ஆனால் முதலில் ரத்தம் ஏறட்டும். கையெழுத்துப் போடுமுன், சினைப்பையை விட்டுவைப்பீர்களா என்று கேளுங்கள். இந்த வயதில் அதையும் சேர்த்து எடுத்தால் எலும்பு சீக்கிரம் தேயும்.

மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து தலையும் சுற்றினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.