பழைய மினிவேன் வாங்கலாமா? எந்த மாடலைத் தேடினாலும் புகார்களாகவே வருகின்றனவே?

அமெரிக்காவில் பழைய மினிவேன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், அந்த மாடல்மீது நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் குறை சொல்லியிருப்பதைப் படித்துவிட்டுத் தயங்குகிறீர்கள். வாங்கலாம். எத்தனை புகார் என்று எண்ணாமல், எதைப் பற்றிய புகார் என்று மட்டும் பாருங்கள். அதிகம் விற்ற வண்டிக்கு அதிகம் புகார் வரத்தான் செய்யும். வண்டி நன்றாக ஓடுகிறது என்று யாரும் மெனக்கெட்டு மனு போடுவதில்லை.

தொடுதிரை அசையாமல் நின்றுவிடுகிறது, டேஷ்போர்டில் சத்தம் வருகிறது, பெயிண்ட் உரிகிறது என்பவற்றையெல்லாம் தாண்டிப் போய்விடுங்கள். கதவு, தாழ், இருக்கை, தீ, ஓடும்போது எஞ்சின் நிற்பது ஆகிய ஐந்தில் ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் நின்று, வரி விடாமல் படியுங்கள்.

மினிவேனின் பலவீனம் கதவில்தான் இருக்கிறது. இது இன்று நேற்று வந்ததல்ல. 1984 முதல் 1995 வரை வந்த கிரைஸ்லர் மினிவேன்களில் பின்கதவுத் தாழ் விபத்தின்போது திறந்துகொண்டு, உள்ளே இருந்தவர்கள் வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் (நிட்சா என்பார்கள்) விசாரணையில் இறங்கியபின், 1995-இல் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குத் தாழை இலவசமாக மாற்றித் தர கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆனால் அதை ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) என்று அழைக்க மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை!

பக்கவாட்டுக் கதவுகளுக்கு மோட்டார் வந்த பிறகு சிக்கல் வேறு உருவம் எடுத்தது. 2016-இல் டொயோட்டா, 2011–2016 சியன்னா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 7 லட்சத்துக்கு மேல். கதவு எதிலாவது மாட்டி நகராமல் இருக்கும்போது மோட்டாரில் மின்சாரம் கூடி ஃப்யூஸ் போய்விடும். அந்த நேரத்தில் தாழ் விடுபட்ட நிலையில் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு நகர்ந்து திறக்கலாம். 2018-இல் ஹோண்டா ஒடிசியின் அப்போதைய புது மாடலும் கதவு சரியாகத் தாழ் விழாத காரணத்தால் ரீகாலுக்கு வந்தது. 2023-இல் கியா கார்னிவலுக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர்: மூடும்போது கை குறுக்கே இருந்தாலும் கதவு போதிய அளவு பின்வாங்காமல் ஆட்களைக் காயப்படுத்தியது. ஆகவே ‘இந்தக் கம்பெனி வண்டியில் அந்தத் தொல்லையே இல்லை’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எங்கள் வண்டியிலும் (எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்) குளிர்காலக் காலைகளில் இடதுபக்கக் கதவு மூடிய மாதிரி போய், மறுபடி தானாகத் திறக்கும். சர்வீஸில் காட்டினால் ‘இங்கே நன்றாகத்தானே வேலை செய்கிறது’ என்றார்கள். அவர்களின் கதகதப்பான பட்டறைக்குள் அது நன்றாக வேலை செய்யாமல் என்ன செய்யும்? வீடியோ எடுத்துக் காட்டி, ஒரு ராத்திரி முழுக்க வண்டியை அவர்கள் வாசலிலேயே வெளியே நிறுத்தச் சொன்ன பிறகுதான் தாழை மாற்றினார்கள். கையோடு நிட்சாவின் இணையதளத்திலும் புகார் போட்டேன். ஒரே மாதிரியான புகார்கள் குவிந்தால்தான் அவர்கள் விசாரணையை யோசிப்பார்கள்.

இருக்கை விஷயத்துக்கு வருவோம். 2017-இல் ஹோண்டா சுமார் 8 லட்சம் ஒடிசிகளைத் திரும்ப அழைத்தது. கழற்றி மாட்டும் இரண்டாம் வரிசை இருக்கை முழுதாகப் பொருந்தாமல் இருந்தால், பிரேக் அடிக்கும்போது முன்னால் சாயக்கூடும் என்பது காரணம். 2023-இல் ஐஐஹெச்எஸ் என்ற, காப்பீட்டுக் கம்பெனிகளின் ஆதரவில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு நான்கு மினிவேன்களை மோதவிட்டுப் பின்னிருக்கைப் பாதுகாப்பைச் சோதித்தது. கிரைஸ்லர் பசிஃபிகா, கார்னிவல், சியன்னா மூன்றும் சுமார் ரகம், ஒடிசி மோசம். குடும்ப வண்டி என்ற பெயரிலேயே விற்கிற வண்டிகளின் லட்சணம் இது.

பசிஃபிகாவின் பிளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோலோடு, சார்ஜ் போடும் பேட்டரியிலும் ஓடுவது) என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2017, 2018 மாடல்களில் சும்மா நிறுத்தி வைத்திருந்த வண்டிகளே தீப்பிடித்ததால், 2022-இல் ரீகால் வந்தது. பழுதுபார்க்கும்வரை சார்ஜ் போடாதீர்கள், வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள் என்று கம்பெனியே சொன்னது.

இனி, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த ஒரு வண்டி. அதன் 17 இலக்க வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) நிட்சா தளத்தில் போட்டால், எந்த ரீகால் வேலை பாக்கி என்று உடனே தெரியும். காசு கிடையாது. பழைய வண்டி விற்கும் டீலர் பாக்கி ரீகாலோடு விற்பதை மத்தியச் சட்டம் தடுப்பதில்லை. ஆகவே டீலரிடம் வாங்குகிறோம் என்று இதை விட்டுவிடாதீர்கள். முதல் விற்பனையிலிருந்து 15 வருடத்துக்குள் ரீகால் அறிவிக்கப்பட்டிருந்தால் அந்த வேலையை இலவசமாகச் செய்து தருவது கம்பெனியின் கடமை, நீங்கள் எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும் சரி. டெக்னிகல் சர்வீஸ் புல்லட்டின் என்பது வேறு. அது மெக்கானிக்குக்கான குறிப்பு மட்டுமே. வாரன்டி முடிந்திருந்தால் செலவு பெரும்பாலும் உங்களுடையது.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது சாலையில் செலவிடுவதைவிட அதிக நேரம் கதவுகளோடு செலவிடுங்கள். கைப்பிடி, சாவி, ஓட்டுநர் பக்கப் பொத்தான் என ஒவ்வொன்றாலும் திறந்து மூடுங்கள். மூடும் வழியில் சுருட்டிய துண்டை வைத்து, கதவு பின்வாங்குகிறதா பாருங்கள். கையை வைத்துச் சோதிக்க வேண்டாம். இரண்டாம் வரிசை இருக்கையைக் கழற்றி மாட்டி உலுக்குங்கள். பனிக்கு உப்புத் தூவும் பகுதியில் ஓடிய 2010 வரையிலான சியன்னா என்றால் அடியில் குனிந்து ஸ்டெப்னி டயரைத் தாங்கும் கேபிளையும் பாருங்கள், அது துருப்பிடித்து அறுந்து டயர் சாலையில் விழக்கூடும் என்று அதற்கும் ஒரு ரீகால் வந்தது. கதவு அல்லது இருக்கை ரீகால் பாக்கி இருந்தால், அந்த வேலை முடிந்த ரசீதைக் கொண்டுவந்த பிறகு பணம் தருகிறேன் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.