சங்கா, டோக்கனா?

அன்புள்ள சார்,

போன மாதம் பெரம்பூரில் நடந்த வாசகர் சந்திப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "இந்த நாவலுக்கு உந்துதல் எது?" என்று ஒரு தம்பி கேட்டார். "ஒருநாள் மில் சங்கு ஊதவில்லை. தெருவே திகைத்து நின்றது. அன்றைக்கு விழுந்த விதை" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்து உங்கள் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்தால், அதில் ஒரு பித்தளை டோக்கனைத் தூக்கிக் காட்டி "நாவல் இதிலிருந்துதான் பிறந்தது" என்கிறீர்கள்.

எங்கள் அப்பா பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) மில்லில் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் சொன்னேன். "சங்கு இன்னா ஒரே நாள்லயா நின்னுச்சு? மூடுவான், தொறப்பான், மறுபடி மூடுவான். கடைசியா எப்ப ஊதுச்சுன்னு எங்களுக்கே தெரியாது" என்றார். எது உண்மை சார்? குறை சொல்ல எழுதவில்லை. நானும் கதை எழுதிப் பார்க்கிறேன். எனக்கு எந்தச் சங்கும் கேட்கவில்லை, அதனால்தான்.

தே., கொருக்குப்பேட்டை

*

அன்புள்ள தே.,

மாட்டிக்கொண்டேன்.

உங்கள் அப்பா சொன்னதுதான் சரி. 1996-ல் மில் மூடப்பட்டபோது எனக்கு முப்பது வயது. தாம்பரத்தில் குடியிருந்தேன், புளியந்தோப்பிலிருந்த அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை வந்து போவேன். தெரு திகைத்து நின்றிருந்தால் அதைப் பார்க்க நான் அங்கே இல்லை. டோக்கன் கதை இன்னும் மோசம். அதைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவரிடம் பேரம் பேசி வாங்கினேன், நாவல் அச்சாகி ஆறு மாதம் கழித்து. அது பி அண்ட் சி டோக்கன்தானா என்பதற்கே உத்தரவாதம் கிடையாது.

ஏன் அப்படிச் சொன்னேன்? மைக்கை நீட்டுகிறவருக்கு இரண்டு நிமிடத்தில் ஒரு பதில் வேண்டும். எட்டு வருஷத் தடுமாற்றத்தை அதற்குள் அடக்க முடியாது. டோக்கன் கைக்கு அடக்கம், கேமராவுக்கும் பளிச்சென்று தெரியும். இதில் வேடிக்கை, பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலு மேடையில் சொன்ன பிறகு அந்தச் சங்கு நின்ற அமைதி எனக்கே காதில் விழ ஆரம்பித்துவிட்டது.

துணைக்குப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதில் ஓர் ஆறுதல். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் தன் 'குப்ளா கான்' கவிதையை 1816-ல் வெளியிட்டபோது முன்னுரையில் ஒரு கதை சொன்னார். தூக்கத்தில் இருநூறு முந்நூறு வரிகள் தாமாக வந்தனவாம். விழித்து எழுதிக்கொண்டிருக்கையில் போர்லாக் என்ற ஊரிலிருந்து யாரோ வேலையாக வந்து பேச்சுக் கொடுக்க, மிச்சமெல்லாம் மறந்துபோனதாம். அதே கவிதை அவர் கையெழுத்திலும் கிடைத்திருக்கிறது. அதன் அடியில் அவரே எழுதிய குறிப்பில் வயிற்றுக்கடுப்பு இருக்கிறது, அதற்குத் தின்ற அபின் இருக்கிறது, அந்தக் கிறக்கம் இருக்கிறது. போர்லாக்காரர் மட்டும் வரவில்லை.

நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் ரெடிமேடாகவே உண்டு: சாமி அடியெடுத்துக் கொடுத்தார். சேக்கிழாருக்கு 'உலகெலாம்', கச்சியப்பருக்கு 'திகட சக்கர'. கச்சியப்பர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கந்தபுராண அரங்கேற்றம். 'திகழ்', 'தசம்' இரண்டும் சேர்ந்து 'திகடசம்' என்று புணர எந்த இலக்கணத்தில் விதி இருக்கிறது என்று முதல் வார்த்தையிலேயே ஒருவர் எழுந்து மறித்தார். முருகன் எடுத்துக் கொடுத்த அடி அது! மறுநாள் ஒரு புலவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் கொண்டுவந்து விதியைக் காட்டிய பிறகுதான் மேலே போக முடிந்தது. அந்தப் புலவரும் முருகனே என்கிறார்கள். மொத்தம் 10,345 பாட்டு. வாரியார் சுவாமிகளிலிருந்து தெருமுனைப் பேச்சாளர்வரை எல்லோரும் சொல்வது அந்த ஒரு வார்த்தையின் கதையைத்தான். மற்றப் பாட்டுகளை உட்கார்ந்து எழுதிய முதுகுவலியை யார் சொல்கிறார்கள்? (எழுதிய ஏட்டை ராத்திரி சன்னிதியில் வைத்தால் காலையில் திருத்தங்களோடு இருக்குமாம். அப்படி ஓர் எடிட்டர் வாய்த்தால் நானும் கோயிலைச் சுற்றி வருவேன்.)

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் முதலில் எழுதியது வேறொரு நாவல். 1918-ல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது முதல் அதே மில்லின் 1921 வேலைநிறுத்தம் வரை. திரு.வி.க.வின் மேடைப் பேச்சு, துப்பாக்கிச்சூடு, புளியந்தோப்புக் கலவரம், எல்லாம் இருந்தது. இருநூற்று நாற்பது பக்கம் ஓடி, அப்படியே படுத்துக்கொண்டது. தகவல் சரிபார்க்கலாமே என்று ஓட்டேரியில் ஒரு டீக்கடையில் மில்லில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவரைப் பிடித்து, ஓர் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். டீயில் ஆடை கட்டும்வரை அசையாமல் கேட்டார். படித்து முடித்ததும் அந்த ஆடையை விரலால் எடுத்துப் பெஞ்சோரத்தில் தடவிவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான்பா கீது. ஆனா பக்கம் பக்கமா பேசிக்கினே கீறானுங்களே, இவனுங்க எப்பதான் சோறு துன்னுவானுங்க?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நாலைந்து நாள் கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டினால், சங்கம் உருவாவதற்கு முன்னால் தொழிலாளர்கள் வாடியாவிடம் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம்தான் என்பது. கை கழுவி, தின்று, திரும்பத் தறிக்கு வர முப்பது நிமிடம். அதை நானே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்! அடிக்கோடு போட்டுவிட்டு, பெரிய தலைவர்களைத் தேடிக்கொண்டு போயிருக்கிறேன்.

அப்புறம்தான் அத்தை ஞாபகம் வந்தது. என் அத்தை அந்த மில்லுக்குச் சாப்பாட்டுக் கூடை தூக்கியவள். தலையில் சும்மாடு, அதன்மேல் மூங்கில் கூடை, அதற்குள் பதினைந்து கேரியர். எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்தந்த வீட்டுப் பழஞ்சேலையில் ஒரு கிழிசல் வாங்கிக் கேரியர் பிடியில் கட்டியிருப்பாள். குழம்பும் ரசமும் வழிந்து ஒரு மழைக்காலத்துக்குள் பதினைந்து கிழிசலும் ஒரே மஞ்சப் பழுப்பாகிவிடும். நிறத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அத்தை துணியைப் பார்க்கவே மாட்டாள், கட்டைவிரலால் முடிச்சைத் தடவுவாள். ஒற்றை முடிச்சு மூன்றாம் சந்து, ரெட்டை முடிச்சு கிணற்றடி வீடு, தலைப்பை உள்ளே செருகியது மேஸ்திரி வீடு. அவள் கணக்கு தப்பியது ஒரே ஒரு தரம். புரட்டாசிச் சனிக்கிழமை விரதக்காரர் ஒருவருக்கு நெத்திலிக் குழம்பு போய்ச் சேர்ந்தது. நாவலின் மூன்றாம் அத்தியாயம் அதுதான். லீவு விட்டால் நான் வளர்ந்ததே அத்தை வீட்டில். அவளைக் கதையில் வைக்கலாம் என்று அந்த எட்டு வருஷத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

ஆக, சங்கும் இல்லை, டோக்கனும் இல்லை. ஒரு கிழவரின் கிண்டல், நானே கவனிக்காத ஓர் அடிக்கோடு, அத்தையின் கட்டைவிரல். எது முதலில் என்று கேட்டால் மறுபடியும் புளுகுவேன்.

எழுத்தாளர் பேட்டிகளே வீண் என்று சொல்ல வரவில்லை. எங்கே கிடைத்தாலும் படிக்கிறவன் நான். அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னர் 1956-ல் பாரிஸ் ரிவ்யூ இதழ்ப் பேட்டியில் தன் நாவல் ஒன்றுக்கு மூலம் ஒரு காட்சி என்கிறார்: பேரி மரத்தில் ஏறியிருக்கும் சிறுமி, அவள் உள்ளாடையில் அப்பிய சேறு. எல்லோரும் அதையே மேற்கோள் காட்டி மரத்தோடு இறங்கிவிடுகிறார்கள். அந்தக் கதையை ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன் என்றும் அதே பேட்டியில் சொல்கிறாரே, அது எனக்கு உதவியிருக்கிறது. அந்தத் தம்பி "எதைத் தூக்கிப் போட்டீர்கள்?" என்று கேட்டிருந்தால், இருநூற்று நாற்பது பக்கத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கை தட்டல்தான் கிடைத்திருக்காது.

நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். "நல்லாக்கீது" என்பதோடு விடாதீர்கள், அதற்கு அடுத்து வருவதைக் கேளுங்கள்.

எனக்கும் அவரிடம் ஒரு வேலை இருக்கிறது. நாவலில் இரண்டு பேர் தறிக்கூடத்துக்குள் ஒரு பக்கம் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். தறி ஓடும் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவன் கத்தினாலே கேட்காது, எல்லாம் சைகைதான் என்று புத்தகம் வந்த பிறகு ஒருவர் சொல்லி என் மானத்தை வாங்கினார். இரண்டாம் பதிப்பில் திருத்த வேண்டும். "கேட்டாண்ட சோறு வந்துடுச்சு" என்பதற்கு அங்கே என்ன சைகை? கேட்டு எழுதுங்கள். எழுத வராது, செய்துதான் காட்ட முடியும் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கொருக்குப்பேட்டைக்கு வருகிறேன்.