ஈஸ்ட்லயும் மனுஷன்லயும் ஜீனை ஆன் பண்றது ஒரே என்சைமா?

ஹிஸ்டோன்ங்கற புரதத்துல அசிட்டைல்ங்கற சின்ன வேதிக் குழுவ ஒட்டற என்சைமத்தான கேக்கறீங்க, கிட்டத்தட்ட ஆமா, ஒரே குடும்பம்தான். டிஎன்ஏ ஹிஸ்டோன் உருண்டைய சுத்திக்கிட்டு இருக்கும், ஹிஸ்டோன் வால்ல இருக்கற லைசின்ங்கற அமினோ அமிலத்தோட பாசிட்டிவ் சார்ஜ் அத இறுக்கிப் பிடிக்க உதவுது, அசிட்டைல் ஒட்டினா அந்த சார்ஜ் போயிடும், பிடி தளரும், புரோமோடொமைன்ங்கற, அசிட்டைல பிடிச்சுக்கற பகுதி உள்ள புரதங்களும் அந்த அடையாளத்த பாத்து வந்து சேரும், ஜீன் படிக்கறது சுலபமாயிடும்.

1996ல விஞ்ஞானி டேவிட் அல்லிஸ் டீம் டெட்ராஹைமெனாங்கற ஒத்தை செல் உயிர்ல இருந்து இந்த என்சைம பிரிச்சு பாத்தா, ஈஸ்ட்ல ஜீனை ஆன் பண்ண உதவுதுன்னு ஏற்கனவே தெரிஞ்ச ஜிசிஎன்5ங்கற புரதம் மாதிரியே இருந்துச்சு! எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு இதுதான். அராபிடாப்சிஸ் செடி, பழ ஈ, மனுஷன் எல்லார்கிட்டயும் ஜிசிஎன்5 குடும்ப என்சைம் இருக்கு.

ஆனா இதே மாதிரி அசிட்டைல் ஒட்டற சிபிபி, பி300ங்கற என்சைம்கள் வேற குடும்பம். சிபிபி ஜீனோட ரெண்டு காப்பில ஒண்ணு பழுதானாலே குழந்தைக்கு ரூபின்ஸ்டைன்-டேபி சிண்ட்ரோம்ங்கற, வளர்ச்சிய பாதிக்கற பிறவிக் கோளாறு வரும்.