முதலில் டீசல் காசு: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர், மூன்று இடத்தில் கிடக்கிறது. அப்பா பார்க்கிறார், நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன். இந்த முறை சம்பா அறுவடைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். மார்கழியிலேயே தரகர் மூலம் பெல்ட் மிஷினுக்கு (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற அறுவடை வண்டி) மணிக்கு 2,400 ரூபாய் என்று போனில் பேசி வைத்திருந்தோம். வண்டி வயலில் இறங்கின பிறகு 2,700 என்றார்கள். கேட்டால், "டீசல் விக்கிற விலைக்குக் கட்டுப்படி ஆகலைங்க" என்று ஒரே பதில். நெல் சாய்ந்து கிடந்தது, வானமும் மூட்டமாக இருந்தது. கொடுத்துவிட்டோம். ஏழு மணி நேரம் ஓடியது.

அப்புறம் இன்னொன்று. உள்ளூர் டிராக்டர்காரர் பதினைந்து வருஷமாக எங்களுக்கு ஓட்டுகிறவர். உழவுக் கூலியை அறுவடை முடிந்து கொடுப்பதுதான் வழக்கம். இப்போது கோடை உழவுக்குக் கூப்பிட்டதற்கு, "டீசலுக்கு மட்டும் முன்னாடி கொடுத்துடுங்க" என்றாராம். அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

டீசல் விலையைச் சொல்லி எல்லோரும் எங்களை ஏமாற்றுகிறார்களா? அப்பாவிடம் நான் என்ன சொல்வது?

க.

அன்புள்ள க.,

இரண்டு பேருமே டீசல் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மிஷின்காரர் கேட்ட முந்நூறில் டீசலுக்குப் பங்கு கொஞ்சம்தான். டிராக்டர்காரர் கேட்டது முழுக்க டீசல். இரண்டையும் ஒரே கோபத்தில் போட்டுப் பார்க்காதீர்கள்.

முதலில் மிஷின். போன சம்பாவில் எங்கள் வயலில் பெல்ட் மிஷின் ஓடியபோது டிரைவர் பக்கத்திலேயே நின்று கேன் கணக்குப் பார்த்தேன். ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு 45 லிட்டர், அதாவது மணிக்கு ஒன்பது லிட்டர். வண்டிக்கு வண்டி ஒன்றிரண்டு லிட்டர் கூடும், குறையும். இந்தக் கணக்கில் மணிக்கு 300 ரூபாய் ஏற்ற வேண்டுமானால் டீசல் லிட்டருக்கு 33 ரூபாய் ஏறியிருக்க வேண்டும். 2022-ல் மார்ச் 22 தொடங்கி ஏப்ரல் 6 வரை ஏறக்குறைய தினமும் ஏறியதே, அந்தப் பதினாறு நாளில்கூட மொத்தம் ஏறியது பத்து ரூபாய்க்குப் பக்கம்தான். அந்தப் பத்து ரூபாய்க்கு மணி வாடகையில் 90 ரூபாய் ஏற்றலாம். மார்கழிக்கும் தைக்கும் நடுவில் 300 ஏற்றுவதற்கு டீசலைக் காரணம் சொல்ல முடியாது.

அதற்காக அவர் கொள்ளையடித்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தீர்களா? காவிரி டெல்டாவுக்கு வரும் மிஷின்களில் நிறைய ஆத்தூர், பெரம்பலூர் பக்கத்து வண்டிகள். லாரியில் ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்து இறங்க வேண்டும். வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டால் நான்கு நாள் மரத்தடியில் சும்மா நிற்கும். வண்டி நின்றாலும் டிரைவர் சாப்பாடும் படியும் நிற்காது, தவணையும் நிற்காது. தரகருக்கு மணிக்கு இவ்வளவு என்று தனியாகப் போகும். சேற்றிலேயே ஓடித் தேய்கிற பெல்ட்டை மாற்றுவதென்றால் பெருந்தொகை. இதையெல்லாம் வயல் வரப்பில் நின்று யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். "டீசல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் பேசின பேச்சை வயலில் இறங்கின பிறகு மாற்றியது தப்பு. சாய்ந்த நெல்லையும் மூட்டமான வானத்தையும் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தொகையைக் கேட்டிருக்கிறார்கள். 2023 பிப்ரவரி ஆரம்பத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் டெல்டா முழுக்க சம்பா படுத்தபோது, கேட்டதைக் கொடுத்து அறுத்தவர்களில் நானும் ஒருவன். உங்கள் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு ஒரு வழி செய்து பார்த்தேன். இரண்டு பருவமாகச் சரியாக வருகிறது. மார்கழியில் பேசும்போதே அன்றைய பங்க் விலையையும் சேர்த்துப் பேசிவிடுகிறேன். "இன்னிக்கு டீசல் இவ்வளவு, வாடகை 2,400. அறுக்கிற அன்னிக்கு டீசல் ஏறியிருந்தா, ஏறினதை ஒன்பதால பெருக்கி மணிக்குச் சேத்துத் தர்றேன். எறங்கியிருந்தா அதே கணக்குல கொறைச்சுக்குவேன்." தரகருக்கு இதை வாட்ஸப்பில் எழுதியும் அனுப்பிவிடுவேன். இறங்கினால் குறைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். 2021 அக்டோபரில், குறுவை அறுவடை நேரத்தில், தமிழ்நாட்டில் டீசல் 100 ரூபாயைத் தாண்டியது. வாடகையும் கூடவே ஏறியது. நவம்பர் 4-ஆம் தேதி மத்திய அரசு டீசலுக்கான கலால் வரியில் 10 ரூபாய் குறைத்தது. அடுத்த தையில் எங்கள் பக்கம் ஒருவர்கூட வாடகையைக் குறைக்கவில்லை. குறையுங்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. கேட்க ஒரு கணக்கு கையில் இல்லை.

டீசலை நாமே ஊற்றிவிட்டு வண்டிக்கு மட்டும் வாடகை பேசுவது சிலருக்கு ஒத்துவருகிறது. எனக்கு ஒத்துவரவில்லை. டிரைவர் சாப்பிடப் போகும்போது இன்ஜினை அணைக்காமல் போனார்.

இப்போது நீங்கள் கவனிக்காமல் விட்ட இடத்துக்கு வருகிறேன். முந்நூறு ரூபாய் ஏற்றியதில் உங்களுக்குப் போனது ஏழு மணி நேரத்துக்கு 2,100. ஆனால் நான்கு ஏக்கருக்கு ஏழு மணி நேரம் ஏன் ஆனது? நிற்கிற பயிராக இருந்தால் ஐந்து மணி நேரத்தில் முடிந்திருக்கும். கூடுதலாக ஓடிய இரண்டு மணி நேரத்துக்கு 5,400 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சாய்ந்த பயிருக்கு வண்டி மெதுவாகத்தான் போகும், அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உங்கள் நிலம் மூன்று இடத்தில் கிடக்கிறது. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி நடந்த நேரமும் மணிக் கணக்கில் ஓடியிருக்கும். பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒரே மடையில் உள்ளவர்கள் வரிசையாக அறுத்தால் அந்த நடை மிச்சம். அறுவடைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் தண்ணீரை வடித்து வயலைக் காயவிட்டால் வண்டி புதையாது. மேடாக இருந்து வயல் நன்றாகக் காய்ந்தால், வாடகை குறைவான டயர் வண்டியே போதும், அறுவடைக்கு முன்பே நெல்லுக்குள் தெளித்த உளுந்தும் அவ்வளவு நசுங்காது. ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் வண்டியில் உள்ள மணி மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சரி, டிராக்டருக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம்.

எங்கள் ஊர் டிராக்டர்காரர் ரொட்டேட்டர் (மண்ணைக் கிளறுகிற சுழல் கலப்பை) போட்டு ஓட்டினால் மணிக்கு ஐந்தரை லிட்டர் ஆகும் என்கிறார். டீசலை 92 ரூபாய் என்று வைத்தாலே 500-க்கு மேல் வருகிறது. அவர் வாங்குகிற வாடகை மணிக்கு 1,100. ஏறக்குறைய பாதி டீசலுக்கே போய்விடுகிறது. உழவுக் கூலியை அறுவடைக்கு அப்புறம் தருகிறேன் என்று நாம் சொல்லும்போது, அவர் தன் உழைப்பை மட்டும் கடனாகத் தரவில்லை. மணிக்கு 500 ரூபாய் ரொக்கத்தையும் நம் வயலில் போட்டுவிட்டு நான்கைந்து மாதம் காத்திருக்கிறார். முப்பது வீட்டுக்கு ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினார் என்றால் 90,000 ரூபாய். நம்மில் எத்தனை பேரிடம் அவ்வளவு ரொக்கம் சும்மா இருக்கிறது? பங்க்கில் அவருக்கு யாரும் கடன் கொடுப்பதில்லை.

இது எனக்கு உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் உழவு ஓடிக்கொண்டிருந்தது. வயலில் தண்ணீர் கட்டியிருந்தேன், பொழுது சாய்ந்தால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். பாதி வயலில் வண்டியை நிறுத்தினார். டேங்க் மூடியைத் திறந்து ஒரு கருவேலங்குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது. "இதோ வந்துடறேண்ணே" என்று கேனை எடுத்து மொபெட்டில் மாட்டிக்கொண்டு போனவர், திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பங்க் நான்கு கிலோமீட்டர்தான். எனக்கு அவ்வளவு கோபம். வந்தவர் ஒன்றும் பேசாமல் புனலில் வேட்டித் துணியைப் போட்டு வடிகட்டி ஊற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ராத்திரி வீட்டில் சொன்னார்கள். மத்தியானம் டிராக்டர்காரர் வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றாராம். உள்ளே கூப்பிட்டதற்கு "சும்மாதான் வந்தேன் அண்ணி" என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாராம். அப்புறம் விசாரித்தால், பங்க்குக்குப் போகிற வழியில் பழைய பாக்கி வைத்திருந்த மூன்று வீட்டுப் படி ஏறியிருக்கிறார். மூன்றாவது வீடு என்னுடையது. குறுவை உழவுக்கு நான் 3,300 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. நான் வயலில் நிற்கிறேன் என்று தெரிந்தும் என்னிடம் கேட்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கேயும் வாய் வரவில்லை அவருக்கு.

என்னிடமும் அன்றைக்குப் பணம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று காயப்போடச் சொன்னார்கள், அப்புறம் சாக்கு இல்லை என்றார்கள், எடை போட்ட பிறகும் வங்கிக் கணக்கில் பணம் ஏற நாளானது. அங்கே தாமதமாகிற ஒவ்வொரு நாளையும் நான் டிராக்டர்காரர் தலையில் இறக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்தலாம். கையறுப்பு நடந்த காலத்தில் அறுத்தவர்களுக்குக் களத்திலேயே மரக்காலால் கூலி அளந்த பிறகுதானே நெல் வீட்டுக்கு வந்தது? அந்தக் கூலிக்காகத் தஞ்சை மண்ணில் எவ்வளவு போராட்டம் நடந்திருக்கிறது என்பதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றன்றைக்கு அளந்து கொடுத்த ஊரில், மாடும் ஆளும் போய் மிஷின் வந்ததும் "அறுத்த பிறகு பார்ப்போம்" என்பது வழக்கமாகிவிட்டது. டீசல் விலை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வரைக்கும் டிராக்டர்காரர்கள் எப்படியோ சமாளித்தார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2017 ஜூன் 16-லிருந்து விலையைத் தினமும் மாற்றலாம் என்று ஆனது. நெல்லுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் விலை அறிவிக்கிறார்கள். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. நீங்கள் கொடுத்த ஒரு மணி மிஷின் வாடகை ஒரு குவிண்டால் நெல்லை விட அதிகம்.

இதில் அரசுக்கும் வேலை இருக்கிறது. மீன்பிடிப் படகுகளுக்குத் தமிழ்நாட்டில் விற்பனை வரி இல்லாமல் டீசல் கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். உழவு வண்டிக்கு அப்படி ஒன்று இல்லை. கர்நாடகத்தில் 2022-23 வரவுசெலவுத் திட்டத்தில் ஏக்கருக்கு 250 ரூபாய், ஐந்து ஏக்கர் வரைக்கும், டீசல் மானியம் என்று அறிவித்தார்கள். இங்கேயும் கொடுக்கலாம். ஆனால் நிலப் பதிவை வைத்து மட்டும் கொடுத்தால் குத்தகைக்காரருக்கு ஒன்றும் வராது, டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டியை உழவன் செயலியில் பதிவு செய்யலாம், வாடகையும் குறைவு. முயன்று பாருங்கள். அறுவடை நேரத்தில் ஊரே கேட்கும்போது அது உங்கள் முறைக்கு வந்து சேருமா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். டிராக்டர்காரர் கேட்டது நியாயம். அவர் முழுக் கூலியை முன்னால் கேட்கவில்லை, தன் வேலைக்கான கூலியை இன்னமும் உங்களை நம்பித்தான் விட்டுவைக்கிறார். பங்க்கில் கொடுக்க வேண்டியதை மட்டும்தான் கேட்டிருக்கிறார். பதினைந்து வருஷப் பழக்கம் இல்லாத இடத்தில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் வண்டியை இறக்குவார்கள்.

நான் இப்போது செய்வது இது. வண்டிக்குச் சொல்லும்போதே எத்தனை மணி ஓடும் என்று கேட்டு, மணிக்கு 500 வீதம் முதல் நாளே கொடுத்துவிடுகிறேன். மிச்சத்தை நடவு முடிந்து பாதி, அறுவடையில் பாதி. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, மணி, டீசல் காசு, பாக்கி என்று எழுதி வைக்கிறேன். அவரும் அதில் கையெழுத்துப் போடுகிறார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வந்த அன்றே டீசல் காசைத் தனியாக எடுத்துவைத்துவிடுவேன். உரக்கடைக்கு ரொக்கம் கொடுத்துத்தானே வாங்குகிறோம்?

அப்பாவிடம் போனில் இதைப் பேசாதீர்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு மகன் கணக்குச் சொல்கிறான் என்றுதான் படும். கோடை உழவுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தால் போங்கள். டிராக்டர்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, அப்பா கையாலேயே டீசல் காசைக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். இருக்கும் என்று நினைக்கிறேன்.