ஒரே வளவு, தனித்தனி அடுப்பு

கேள்வி: வணக்கம் அம்மா. எங்களுக்குக் கல்லல் பக்கம். என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் முதல் பிள்ளை. ஃபிசிக்ஸ் டீச்சராக வேண்டும், காரைக்குடி அழகப்பா அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர வேண்டும் என்கிறாள். அவள் பெரியப்பாவோ, "யுனிவர்சிட்டி பக்கத்திலேயே இருக்கும்போது காலேஜ் எதற்கு? யுனிவர்சிட்டி சர்டிபிகேட்டுக்குத்தான் மதிப்பு" என்கிறார். இன்னொரு சொந்தக்காரர், "அங்கேயே இன்ஜினியரிங் காலேஜும் இருக்கு, எல்லாம் அழகப்பாதானே, அதில் சேர்த்துவிடு" என்கிறார். ஒரே பெயரில் ஏன் இத்தனை? எதில் சேர்த்தால் என் பிள்ளைக்கு நல்லது?
– ஒரு தாய், கல்லல்

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் மகள் சொல்வதுதான் சரி. அவளைக் கலைக் கல்லூரியிலேயே சேருங்கள். ஏன் என்று பெரியப்பாவுக்கும் புரியும்படி எழுதுகிறேன், இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் மேல் தப்பில்லை. காரைக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய வீடு, ஒன்றுதான். ஆனால் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளையும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. கோயிலுக்கும் ஊருக்கும் அவர்கள் ஒரே வீட்டார். பல்கலைக்கழகமும் அதன் கல்லூரிகளும் அப்படித்தான். பாடத்திட்டம், செமஸ்டர் தேர்வு, பட்டம் மூன்றும் பல்கலைக்கழகத்தின் பெயரில் நடக்கும். பாடம் நடப்பது கல்லூரியில். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகள். காரைக்குடி அரசுக் கலைக் கல்லூரியும் தேவகோட்டை சேவுகன் அண்ணாமலை கல்லூரியும் அந்த வரிசைதான். உங்கள் மகள் அரசுக் கலைக் கல்லூரியில் மூன்று வருடம் படித்து முடித்தால், அவள் கையில் வருவது அழகப்பா பல்கலைக்கழகத்தின் பட்டம். பெரியப்பா கேட்கிற அதே சர்டிபிகேட்!

இதில் இன்னொன்றும் உண்டு. இங்கே தாய்க்கு முன்னால் பிள்ளை பிறந்துவிட்டது. 1947 ஜூலையில் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், மாவட்டங்களிலும் கல்லூரி திறக்க வள்ளல்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டார். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றார். அடுத்த மாதமே, ஆகஸ்டில், காந்தி மாளிகையில் இந்தக் கலைக் கல்லூரியின் வகுப்பு தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகம் வந்தது 1985-ல், அதாவது 38 வருடம் கழித்து. அதற்குள் அந்தக் கல்லூரி மாணவர்கள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டமும், பிறகு மதுரைப் பல்கலைக்கழகப் பட்டமும் வாங்கினார்கள். பட்டத்தின் முத்திரை இரண்டு முறை மாறியிருக்கிறது. அவர்களுக்குப் பாடம் சொன்னது ஒரே கல்லூரி. வ.சுப. மாணிக்கனார் முதல்வராக இருந்த கல்லூரி அது; மேலைச்சிவபுரியில் பிறந்த நம் மண்ணின் தமிழறிஞர், பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார்.

அப்படியானால் பல்கலைக்கழகத்துக்குள்ளே என்னதான் நடக்கிறது? அங்கே இருப்பவை துறைகள். பெரும்பாலும் எம்.ஏ., எம்.எஸ்ஸி., அதற்கு மேல் பிஎச்.டி. ஆராய்ச்சி. இயற்பியல் துறை அங்கே இருக்கிறது. உங்கள் மகள் அந்த வாசலைத் தட்ட வேண்டியது பி.எஸ்ஸி. முடித்த பிறகு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தேவை பிறந்துதான் அது பிறந்திருக்கிறது. கடலியல் துறையைக் காரைக்குடியில் வைக்காமல் தொண்டியில் வைத்திருக்கிறார்கள். கடல் அங்கேதானே இருக்கிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

உங்கள் மகளுக்கு மிகவும் வேண்டியது இன்னொரு கல்லூரி. டீச்சர் ஆக வேண்டும் என்கிறாளே, பி.எஸ்ஸி.க்குப் பின் இரண்டு வருட பி.எட். படித்தாக வேண்டும். அதற்கென்றே பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்வியியல் கல்லூரி காரைக்குடியில் இருக்கிறது. இது பல்கலைக்கழகமே நடத்துகிற உறுப்புக் கல்லூரி. உடற்கல்வியியல் கல்லூரியும் இப்படித்தான். இந்த இரண்டும்கூட 1950-களில் அழகப்பர் தொடங்கியவையே. கல்லூரி கட்டினால் போதாது, அதற்குப் பிள்ளைகளை அனுப்பப் பள்ளிக்கூடம் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டும் என்பதெல்லாம் அவர் எழுப்பிய வரிசையைப் பார்த்தாலே தெரியும். உங்கள் மகள் வீட்டிலிருந்து அதே பஸ்ஸில் போய்வந்தே, பி.எஸ்ஸி.யில் தொடங்கி பி.எட். வரை முடித்துவிடலாம். நம் தலைமுறைப் பெண்களுக்கு இது கிடைக்கவில்லை தங்கை.

இன்ஜினியரிங் கல்லூரியைப் பற்றிச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை. 1952-ல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி மிக நல்ல கல்லூரி. ஆனால் அது இந்த வளவைச் சேர்ந்ததே இல்லை. ஒரே தெருவில் அதே பெயரோடு நிற்கும் வேறு வீடு. அங்கே படித்தால் கிடைப்பது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டம். சேர்வதும் பொறியியல் கலந்தாய்வு வழியாக. கணக்குக்கு 100, ஃபிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. இன்ஜினியர் ஆக ஆசை இருந்தால் நானே அனுப்பச் சொல்லியிருப்பேன். அந்த ஆசை இல்லாத பிள்ளையைப் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று அங்கே தள்ளாதீர்கள். சென்னையில் ஏ.சி. டெக் என்கிறார்களே, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, அழகப்பர் பணம் கொடுத்து 1944-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியும் இன்று அண்ணா பல்கலைக்கழகத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் பெயரை வைத்து எது எதனுடையது என்று முடிவுகட்ட முடியாது. சிக்ரி என்று சொல்கிறோமே, மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுத்தார். அதுவும் பல்கலைக்கழகத்தினுடையதல்ல, மத்திய அரசின் நிறுவனம்.

என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தங்கை மகளை ஒரு கல்லூரியில் புதிதாகத் தொடங்கிய பாடப்பிரிவில் சேர்த்தோம். கட்டடம் புதிது, பேச்சு இனிப்பு. அந்தப் பிரிவுக்குப் பல்கலைக்கழக இணைவு இன்னும் வரவில்லை என்பது முதல் செமஸ்டர் தேர்வுக்குப் பணம் கட்டப்போனபோதுதான் தெரிந்தது. ஒரு வருடம் போயிற்று. பிள்ளை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பழைய அரசுக் கல்லூரியில் பழைய ஃபிசிக்ஸ் பிரிவுக்கு இந்தப் பயம் வேண்டாம். ஒருவேளை அங்கே இடம் கிடைக்காமல் சுயநிதிக் கல்லூரிக்குப் போக நேர்ந்தால், நீங்கள் சேர்க்கிற அந்தப் பிரிவுக்கு இந்த வருடத்து இணைவு ஆணை இருக்கிறதா என்று கேட்டு, கையில் வாங்கிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் இணையத்தில்தான். கடைசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே பதிவுசெய்யுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். அதற்கான மனுவைக் கல்லூரியில் சேர்ந்த உடனே கொடுக்கச் சொல்லுங்கள். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அவள் யாரிடமும் கைநீட்ட வேண்டியிருக்காது.

கலந்தாய்வு நாளன்று பெரியப்பாவையும் கூடக் கூட்டிப்போங்கள். இடம் கிடைத்ததும் மூவருமாக இயற்பியல் துறைக்குப் போய், ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று அங்கிருக்கும் பேராசிரியரிடம் கேளுங்கள். பெரியப்பா கேட்க நினைப்பதையெல்லாம் அவரிடமே கேட்கட்டும்.